கண்ணாடி விழுந்த ஐஸ் பெட்டி

அருக்காணிக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். ஏற்காட்டில் முகில்வாசல் மண்டபத்தில் வேலை செய்கிற எல்லோருக்கும் இது தெரியும். அவள் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும் வரை பயமில்லை. சாதாரணமாகப் பேசுவதே அப்படித்தான். குரல் அடங்கி, "ஏனுங்க" என்று மெல்ல ஆரம்பித்தால்தான் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும்.

அவள் பக்கத்து வாழவந்திக் கிராமத்துக்காரி. அப்பாவும் அம்மாவும் காப்பி எஸ்டேட்டில் வேலை செய்தவர்கள். ஜீப் ஓட்டும் கருப்பண்ணனைக் கட்டிக்கொண்டு டவுனுக்கு வந்தவள், முகில்வாசலில் பாத்திரம் கழுவச் சேர்ந்தாள். கீழிருந்து ஆட்கள் மலைமேல் வந்து கல்யாணம் வைப்பது பெருகப் பெருக மண்டபமும் வளர்ந்தது. அருக்காணியும் ஸ்டோர் பொறுப்புக்கு வந்தாள். அரிசி, பருப்பு, பால், ஐஸ் எதுவும் அவள் கண்ணில் படாமல் உள்ளே வராது, வெளியே போகாது.

ஐஸ் அப்போதெல்லாம் சேலத்திலிருந்து வந்தது. பிக்கப் வண்டியில் பாளம் பாளமாக அடுக்கி, சாக்குப் போட்டு மூடி, கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி வந்து சேருவதற்குள் பாதி ஒழுகிப் போயிருக்கும். ஒரு ஐப்பசி மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தது. வண்டி அடிவாரத்திலேயே நின்றுவிட்டது. அன்றைய விருந்தில் ஐஸ்கிரீம் கஞ்சியாக ஓடியது. மண்டபத்தின் முதலாளி ராஜ்குமார், சேலத்தில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், அன்றைக்கே ஐஸ் மெஷின் வாங்குவதென்று முடிவு செய்தார்.

மெஷின் விற்கிறவர் பளபளப்பான படங்களோடு வந்தார். ராஜ்குமாரும் மேனேஜர் கிங்ஸ்டனும் உட்கார்ந்து பார்த்தார்கள். அருக்காணி நின்றுகொண்டு பார்த்தாள்.

"ஏனுங்க, ஒரு நாளைக்கு இத்தன கிலோ போடும்னு எழுதியிருக்குதே, அது எந்த ஊரு நாளுங்க? மே மாசத்து நாளா, மார்கழி நாளா?"

விற்க வந்தவர் சிரித்தார். குளிர்ந்த அறை, குளிர்ந்த தண்ணீர் என்றால் அந்த அளவு கிடைக்கும், வெயில் காலத்தில் கொஞ்சம் குறையும் என்றார்.

"எங்களுக்குத் தெனமும் வேண்டாமுங்க. ஒரு வாரம் சும்மா கெடப்போம். அப்பறம் ஒரே மதியத்துல அத்தனையும் வேணும். அதனால எவ்வளவு போடும்ங்கறத விட, போட்டத எவ்வளவு புடிச்சு வெக்கும்ங்கறதுதான் எங்களுக்கு முக்கியம். பெட்டி பெருசா இருக்கோணும். மெஷின் சின்னதா ரெண்டு வாங்குனா, ஒண்ணு படுத்தாலும் இன்னொண்ணு ஓடுமுங்க."

ராஜ்குமாருக்கு அதற்குள் வேறொன்று பிடித்துப் போயிருந்தது. பளிங்கு மாதிரி தெளிந்த சதுரக் கட்டிகளாக ஐஸ் போடும் பெரிய மெஷின். அவருடைய சிநேகிதர் ஹோட்டலில் அதுதான் இருந்தது. "போட்டோல எடுப்பா இருக்கும் அருக்காணி. கல்யாணத்துக்கு வர்றவங்க அதத்தான் பாக்கறாங்க," என்றார். ஒரே மெஷினாகவும், சின்னப் பெட்டியோடும் அது வந்து இறங்கியது. தண்ணீர்க் குழாய் ஏற்கெனவே இருக்கிற இடம் என்று கிங்ஸ்டன் அதைச் சமையல்கட்டுக்குப் பின்னால், அடுப்புச் சுவரை ஒட்டிய அறையில் வைத்தார். அது இழுக்கிற காற்றெல்லாம் அடுப்புச் சூடு. அருக்காணி சண்டை போட்டாள். யாரும் காதில் வாங்கவில்லை.

அவள் சொன்னது எல்லாமே சரி என்றும் இல்லை. தண்ணீருக்கு வடிகட்டி போட வேண்டும் என்று சேலத்திலிருந்து வந்த மெக்கானிக் யுவராஜ் சொன்னபோது எதிர்த்து நின்றவளே அவள்தான். "இந்த மலைத்தண்ணியக் குடிச்சு வளந்தவங்க தம்பி நாங்க. இதுக்கு வடிகட்டியா?" மூன்று மாதத்தில் மெஷின் கட்டி போடுவது பாதியாகக் குறைந்தது. போட்ட கட்டியும் பால் கலந்தது போல வெளுத்திருந்தது. யுவராஜைக் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி திட்டினாள். அவன் உள்தட்டைக் கழற்றி அவள் முன்னால் வைத்தான். மண்டபத்துப் போர்வெல் தண்ணீரின் உப்பு சுண்ணாம்பு பூசியதுபோல் ஏறியிருந்தது.

"பெட்டி மூடிக்கு உள்பக்கம் தடவிப் பாருங்கக்கா," என்றான்.

தடவினாள். விரல் வழுக்கியது. வெளிச்சத்தில் பார்த்தால் இளஞ்சிவப்பாக ஒரு பாசி. இத்தனை நாளும் இந்த மூடிக்குக் கீழே இருந்த ஐஸைத்தானே குழந்தைகள் சர்பத்தில் போட்டுக் குடித்தார்கள். யுவராஜிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை; காப்பி போட்டுக் கொடுத்தாள். அன்றிலிருந்து இருவருக்கும் ஒத்துப்போயிற்று. வடிகட்டி மாற்றுவது, உப்பைக் கரைக்க மருந்து ஊற்றி ஓட்டுவது, காற்று இழுக்கும் வலையில் படியும் புகைப் பிசுக்கைத் துடைப்பது, பெட்டியைக் காலி செய்து மருந்துத் தண்ணீரால் கழுவிக் காயவைப்பது எல்லாம் அவனிடம் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டாள்.

மற்றவர்களுக்குத்தான் புரியவில்லை. பெட்டிக்குள் பீர் பாட்டிலைச் சொருகினார்கள். மீன் பொட்டலத்தை வைத்தார்கள். கையைக் கழுவாமல் உள்ளே விட்டு அள்ளினார்கள். எவர்சில்வர் கரண்டி ஒன்றை வெளியே கொக்கியில் மாட்டி, அதைத் தவிர வேறு எதனாலும் ஐஸ் எடுக்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்தது.

"ஐஸுன்னா தானா சுத்தமா இருக்கும்னு நெனைச்சுட்டாங்க. அதுவும் வாயில போடற பண்டந்தானுங்க?" என்று கிங்ஸ்டனிடம் கேட்டாள்.

"பாத்துக்கலாங்கக்கா," என்றார் கிங்ஸ்டன். எதைச் சொன்னாலும் அவர் சொல்கிற பதில் அதுதான்.

போன வருடம் மே மாதம், கோடை விழாக் கூட்டத்தில் டவுன் நெரிந்துகொண்டிருந்தபோது, பாக்கியநாதன் என்பவர் தன் மகள் கல்யாணத்தை முகில்வாசலில் வைத்தார். மலையிலும் அன்று வெயில் சுள்ளென்று அடித்தது. கரண்ட் தாழ்ந்து தாழ்ந்து வந்தது. அடுப்புகள் காலையிலிருந்தே எரிந்ததால் ஐஸ் அறை வெந்துகொண்டிருந்தது. மெஷின் திணறிக்கொண்டு ஓடியது. மதியப் பந்திக்கு முன் புல்வெளியில் எல்லோருக்கும் எலுமிச்சை நன்னாரி சர்பத். அந்தக் கவுண்டரில் நின்றவன், மண்டபத்தில் பரிமாறும் பையன் பென்னி.

அருக்காணி பால் கேன்களை எண்ணிவிட்டு ஐஸ் அறைப்பக்கம் வந்தாள். கொக்கியில் கரண்டி இல்லை. பெட்டி திறந்து கிடந்தது. பென்னி கையில் ஒரு கண்ணாடி டம்ளரை வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். டம்ளரின் வாயில் ஒரு பக்கம் பிறைபோல உடைந்திருந்தது.

அவள் குரல் இறங்கியது. "ஏனுங்க பென்னி. ஒடஞ்சது எங்க?"

"கீழ விழுந்திருக்கும்க்கா."

குனிந்து தரையைத் தடவிப் பார்த்தாள். ஈரம்தான் இருந்தது. "இதுல இருந்து வெளிய போயிருக்குதா?"

"ஒரு ட்ரே இப்பத்தான் போச்சுங்கக்கா. கரண்டியக் காணோம், மேனேஜர்தான் டம்ளர்ல அள்ளச் சொன்னாரு."

கிங்ஸ்டனே வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டார். பெட்டியை எட்டிப் பார்த்தார். பளிங்கு மாதிரி ஐஸ். அதில் கண்ணாடியை யார் கண்டுபிடிப்பது.

"மேல இருக்கறத மட்டும் அள்ளிக் கொட்டிருங்கக்கா. அடியில ஒண்ணும் இருக்காது. வெளிய எல்லாரும் டம்ளரோட நிக்கறாங்க."

"அள்ளும்போது பொரண்டிருக்குமில்லீங்க சார்? அடியில இல்லைன்னு நீங்க எப்படிச் சொல்றீங்க?"

"இன்னிக்கு இத விட்டா ஐஸே இல்லக்கா. நான் பாத்துக்கறேன், நீங்க போங்க."

அருக்காணிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வெளியே போன ட்ரேயைப் பிடிக்க ஓட வேண்டும். அவள் அந்தப் பக்கம் திரும்பினால் இந்த ஆள் இந்தப் பக்கம் அள்ளி விடுவார்; அதுவும் நிச்சயம். அலமாரியில் ரோஸ்மில்க் எசென்ஸ் கேன் இருந்தது. எடுத்து மூடியைத் திருகி, அப்படியே பெட்டிக்குள் கவிழ்த்தாள். ரத்தச் சிவப்பு ஐஸ் முழுக்க இறங்கியது.

கிங்ஸ்டன் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "பைத்தியமாக்கா உங்களுக்கு?"

"கைய எடுங்க சார். இனி இத யாரு குடுக்கறாங்கன்னு பாக்கறேன்."

கையை உதறிக்கொண்டு புல்வெளிக்கு ஓடினாள். ட்ரே காலியாகிக்கொண்டிருந்தது. "குடிக்காதீங்க, கீழ வெய்யுங்க" என்று சொல்லிக்கொண்டே கைகளிலிருந்த டம்ளர்களைப் பிடுங்கினாள். பட்டுச்சேலை கட்டிய ஒரு அம்மாள் தர மறுத்து முறைத்தாள். அந்த டம்ளரையும் பறித்தாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவரின் சட்டையில் சர்பத் கொட்டியது. பட்டுப்பாவாடை போட்ட ஒரு குழந்தை டம்ளரை உதட்டில் வைத்திருந்தது.

"குடுத்துரு சாமி," என்று சொல்லி முடிப்பதற்குள் பிடுங்கிவிட்டாள். குழந்தை வீறிட்டு அழுதது. நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

பாக்கியநாதன் வந்தார். என்ன இது, யார் இந்தப் பொம்பளை என்று கத்தினார். அருக்காணி வாயைத் திறப்பதற்குள் கிங்ஸ்டன் முந்திக்கொண்டார். "மெஷின் ரிப்பேருங்க. ஐஸ்ல கொஞ்சம் ஸ்மெல் வந்துருச்சு. அதான் இவங்க கொஞ்சம் அவசரப்பட்டுட்டாங்க."

பந்தி ஐஸ் இல்லாமலே நடந்தது. அருக்காணி பெட்டியின் தண்ணீர் போகும் வாயில் வேட்டித்துணியைக் கட்டினாள். பென்னியும் அவளும் வெந்நீரைக் குடம் குடமாக ஊற்றி அத்தனை ஐஸையும் கரைத்தார்கள். சிவப்புத் தண்ணீர் ஓடி முடிந்ததும் துணியில் கண்ணாடிச் சில்லுகள் இருந்தன. பெட்டி அடியிலும் ஒன்று ஒட்டியிருந்தது. சேதி கேட்டு வந்த ராஜ்குமார் பார்க்க, சில்லுகளை டம்ளரின் உடைந்த வாயில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். எல்லாம் பொருந்தின. நடுவில் அரிசி அளவு ஓர் இடம் மட்டும் காலியாக நின்றது.

"அது தரையில போயிருக்கும்," என்றார் கிங்ஸ்டன்.

ராஜ்குமார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நீ பண்ணுனது சரிதான் அருக்காணி. ஆனா பண்ணுன விதம்? கொழந்த கையில இருந்து புடுங்கோணுமா? பொண்ணூட்டுக்காரங்க கொதிச்சுப் போயிருக்காங்க. போயி ஒரு வார்த்த மன்னிப்புக் கேட்டுரு."

"என்னான்னு கேக்கறதுங்க? ஸ்மெல் வந்துச்சுன்னா?"

அவர் கிங்ஸ்டனைத் திரும்பிப் பார்த்தார்.

"கண்ணாடின்னு சொல்றதா இருந்தா இப்பவே வர்றனுங்க. பொய்யச் சொல்லி மன்னிப்புக் கேக்க என்னால ஆகாது." பையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

வீட்டில் கருப்பண்ணன், "கேட்டுப்போட்டு வந்திருக்கலாமில்ல புள்ள" என்றான். அவனோடு மறுநாள் வரை பேசவில்லை. ராஜ்குமார் மேலிருந்த கோபம்கூடக் கொஞ்சம் ஆறியது. அந்த அரிசி அளவு இடம்தான் ஆறவிடவில்லை. அது யார் தொண்டையில், எந்தக் குழந்தையின் வயிற்றில் இருக்கிறதோ. இருந்தால் அந்த வீட்டுக்காரர்களுக்குக் காரணம் தெரியாது; டாக்டரிடம் சொல்லவும் தெரியாது. இதைத் தெரிந்துகொண்டே ஒருவர் பொய் சொல்லியிருக்கிறார், இன்னொருவர் சும்மா நின்றிருக்கிறார். பென்னிக்குப் போன் போட்டுப் பாக்கியநாதனின் நம்பரை வாங்கினாள்.

"ஏனுங்க, நான் மண்டபத்துல டம்ளரப் புடுங்குன பொம்பள பேசறனுங்க." நடந்ததை முழுதும் சொன்னாள். "யாருக்காச்சும் வயித்து வலி, வாயில ரத்தம், அப்பிடி ஏதாச்சும் இருந்துதுங்களா? இருந்தா ஆஸ்பத்திரியில கண்ணாடின்னு சொல்லிருங்க."

விசாரிச்சுச் சொல்றேன், இருங்க என்று அவர் போனை வைத்துவிட்டார். சாயங்காலம் அவரே கூப்பிட்டார். வந்திருந்த சொந்தக்காரர்களை எல்லாம் விசாரித்துவிட்டாராம். யாருக்கும் ஒன்றுமில்லை.

அருக்காணி அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தாள். "அந்தப் பாப்பாவப் பயமுறுத்திப்போட்டனுங்க. அது தப்புத்தான்," என்றாள்.

"எம் பேத்திதான். அவ அத அன்னிக்கே மறந்துட்டா. எனக்குத்தான் மறக்கல. ஸ்மெல்லுன்னு சொன்னவன எனக்குத் தெரியும், நான் பேசிக்கறேன்," என்றார் பாக்கியநாதன்.

அவர் என்ன பேசினாரோ, மறுநாள் காலை ராஜ்குமாரின் கார் அருக்காணியின் வீட்டு வாசலில் நின்றது. இறங்கும்போதே முகம் சிவந்திருந்தது.

"யாரக் கேட்டு நீ போன் பண்ணுன? என்னோட மண்டபத்து மானம் போச்சு."

"கண்ணாடி விழுந்தப்பவே போயிருச்சுங்க மொதலாளி. உள்ள வாங்க, காப்பி குடிங்க."

அவர் உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று திட்டித் தீர்த்தார். அவளும் சளைக்காமல் பதில் கொடுத்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். கடைசியில் அவர் வந்த காரியத்தைச் சொன்னார். எசென்ஸ் ஊற்றிய பெட்டியைச் சரியாகக் கழுவாமல் மூடி வைத்ததில் எறும்பு மொய்த்துக் கிடக்கிறது, அந்த அக்கா வராமல் கை வைக்க மாட்டேன் என்று யுவராஜ் சொல்லிவிட்டான், ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம்.

"வர்றனுங்க. அந்த மெஷின அடுப்புச் சுவத்துல இருந்து எடுத்து, வடக்காலக் காத்தோட்டமான ரூமுக்கு மாத்தோணும். பெட்டிக்குப் பூட்டு, சாவி என்கிட்ட. அடுத்து வாங்கற மெஷின நானும் யுவராஜும் பாத்துத்தான் வாங்கோணும். ஐஸ் எடுக்கற எடத்துக்குக் கண்ணாடி டம்ளரே வரக் கூடாது. இதுல ஒண்ணு கொறஞ்சாலும் நான் வர்லீங்க."

"கிங்ஸ்டனப் பத்தி ஒண்ணும் சொல்லலையே."

"அது உங்க பாடுங்க."

கிங்ஸ்டன் வேலையில்தான் இருந்தார். அருக்காணி வேலைக்குத் திரும்பிய அன்று மெஷினை நகர்த்த ஆள் பற்றாமல், அவரே சட்டைக் கையை மடித்துவிட்டு ஒரு பக்கம் பிடித்தார். பெட்டிக்குள் தலையை விட்டு அவள் தேய்க்க, அவர் குழாயைப் பிடித்துத் தண்ணீர் அடித்தார். மூலையில் பிசுபிசுப்பு இன்னும் இருந்தது.

"போதுமாக்கா?"

"பத்தாது. அடிங்க."

அவர் மறுபடி அடித்தார். அவர் முகத்தைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. பார்க்காமலே வேலை வாங்கினாள். யுவராஜ் புது வடிகட்டியை மாட்டிக் குழாயைத் திறந்துவிட்டான். முதலில் விழுகிற கட்டிகளை எல்லாம் கீழே கொட்டச் சொல்லிவிட்டு, அருக்காணி பூட்டு வாங்க டவுன் கடைக்குக் கிளம்பினாள்.