ஜஸ்டஸின் வலது கன்னம்

புதுக்கடைச் சந்தையில் வாழைக்குலை ஏலம் விடும் ஜஸ்டஸுக்கு மைக் தேவைப்பட்டதில்லை. "ஏத்தன் குலை!" என்று அவர் ஒரு குரல் கொடுத்தால் பஸ் ஓட்டுநர்களே ஹாரனிலிருந்து கையை எடுத்துவிடுவார்கள். இடது கன்னத்தில் புகையிலையை ஒதுக்கிக்கொண்டுதான் அத்தனை சத்தமும். அது இல்லாமல் தொண்டை திறக்காது என்பது அவர் கட்சி. அந்தத் தொண்டையை வைத்துத்தான் வீடு கட்டினார், மகளை நர்ஸிங் படிக்க வைத்தார்.

ஒருநாள் கன்னத்தின் உட்புறம் வெள்ளைத் திட்டு தெரிந்தது. தக்கலையில் பல் மருத்துவர் பிரிஜா பார்த்தார். இன்னும் புற்றுநோய் இல்லை, ஆனால் ஆகக்கூடும், புகையிலையை விட்டுவிட்டுத் தவறாமல் வந்து காட்டுங்கள் என்றார். ஜஸ்டஸ் பணிவாகத் தலையாட்டினார். வீட்டுக்கு வந்து நன்றாக யோசித்து, புகையிலையை வலது கன்னத்துக்கு மாற்றினார்.

மனைவி சத்தியபாய் கண்டுபிடித்துவிட்டாள். "டாக்டர் விடச் சொன்னா, நீங்க எடம் மாத்தியா வச்சிருக்கிய?"

"ஏட்டி, ஒரே விளையில தொடந்து வாழை வச்சா மண்ணு கெட்டுப்போவும். அடுத்த விளைக்கு மாறணும். இது உனக்க அப்பனுக்கும் தெரியும்."

சத்தியபாய்க்கு வாழை விவசாயம் தெரியும். அதனால் தலையில் அடித்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள்.

இரண்டு வருடத்தில் இடப்பக்கத் திட்டு மங்கிப்போனது. ஜஸ்டஸ் அதைக் கண்ணாடியில் பார்த்துப் பெருமைப்பட்டார். வலப்பக்கத்தில் ஆறாத புண் ஒன்று இருந்தது. அதைப் பார்க்காமலிருக்கப் பழகிக்கொண்டார். வாயைத் திறக்கவே முடியாமல் போனபிறகுதான் மறுபடி தக்கலைக்குப் போனார். சதையைக் கிள்ளிச் சோதித்தார்கள். புற்றுநோய்.

"இந்தப் பக்கம் புது விளையாச்சே, ரெண்டு வருசந்தானே வச்சேன், டாக்டரே?"

"விளை ரெண்டில்ல அண்ணாச்சி, ஒண்ணுதான்" என்றார் பிரிஜா. "இத்தன வருசமா புகையிலைச் சாறு வாய் முழுக்க ஓடியிருக்கு. மண்ணு மொத்தமும் கெட்டுப்போச்சு. கெட்ட அணுவக் கண்டா அழிக்கதுக்கு உடம்புல காவல் அணுக்கள் உண்டு. தெனமும் புண்ணாக்கினா அதுங்களுக்கு ஓய்வு ஏது? சோந்து போவும். கொஞ்சம் அணுக்கள், புண்ண ஆத்துகோம்னு நெனச்சு, கெட்ட அணுவுக்கே தீனி கொண்டு குடுக்கும்."

ஜஸ்டஸ் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். அவருக்குப் பயமாக இருந்தது.

"எனக்க சத்தம்?"

"மொதல்ல உயிரப் பாப்போம், அண்ணாச்சி."

பெரிய ஆஸ்பத்திரியில் வலது கன்னத்தையும் தாடையில் ஒரு துண்டையும் எடுத்தார்கள். நெஞ்சுச் சதையைக் கொண்டுவந்து வைத்துத் தைத்தார்கள். உயிர் தப்பியது. புகையிலை போயிற்று. இந்த முறை இடம் மாற்ற இடமில்லை.

மாதங்கள் கழித்து, சத்தியபாய் தடுத்தும் கேளாமல் சந்தைக்குப் போனார். குலையின் மேல் கை வைத்து விலையைக் கூவினார். யாருக்கும் புரியவில்லை. மறுபடி கூவினார். எப்போதும் அவரோடு மல்லுக்கு நிற்கும் வியாபாரி ஷிஜின் கிட்டே வந்து, "வெரலக் காட்டுங்க அண்ணாச்சி, போதும்" என்றான். காட்டினார். வியாபாரிகள் விரலைப் பார்த்தே ஏலம் கேட்டார்கள். குலை நல்ல விலைக்குத்தான் போனது.

ஜஸ்டஸ் அங்கேயே நின்று அழுதார். அது மட்டும் சந்தை முழுக்கத் தெளிவாகக் கேட்டது.