முதலில் இடம் காட்டியவர்

செவ்வாய்க்கிழமை காலை விளக்கேற்றிவிட்டுத் திரும்பினேன். என் கணவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலருகே நின்றார். “ஜெயக்கொடி அக்கா தவறிருச்சாம். நெஞ்சு வலின்னு ஆட்டோவுல ஏத்திருக்காக. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள…” என்றார்.

அக்காவோடு பழகியவர்களுக்காக இதை எழுதுகிறேன். திண்டுக்கல்லில் மனை விற்கும் அலுவலகம் ஒன்றில் பதினோரு வருடம் ஏஜெண்டாக இருந்தவர். அங்கே வேன் ஓட்டுகிறவர் என் கணவர். அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம்: மனை வாங்க வரும் பார்ட்டியை முதலில் கூட்டிப்போய் இடம் காட்டியவர் யாரோ, விற்பனையும் கமிஷனும் அவர் பெயருக்குத்தான். வேனில் யார் யார் போனார்கள் என்று இவர் சொல்லச் சொல்ல, ட்ரிப் நோட்டில் எழுதி வைப்பது நான்.

போன வருடம் கொடைரோடு பக்கம் ஒரு மனை. வத்தலக்குண்டு வாத்தியார் குடும்பம் ஒன்றை அக்கா நாலு தடவை கூட்டிப்போய்க் காட்டினார். அட்வான்ஸ் கொடுக்கும் நாளில் பார்த்தால், விற்பனை முதலாளியின் மச்சினன் பெயரில் ஏறியிருந்தது. அவனும் அங்கே ஏஜெண்ட்தான். “நான்தான் மொதல்ல காட்டுனேன்” என்றானாம். முதலாளி என் கணவரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். இவர், “ஞாபகம் இல்லண்ணே” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

நோட்டை எடுத்து, அந்தக் குடும்பம் முதன்முதலில் போன நாளை இவர் முன்னால் விரித்தேன். ‘ஞாயிறு காலை, ஜெயக்கொடி அக்கா, பார்ட்டி நாலு பேர்.’ மச்சினன் பெயரே இல்லை.

“இதக் காட்டுனா நாளைக்கு வண்டிச் சாவி என் கையில இருக்காது. ரெண்டு பிள்ளைகள வச்சுக்கிட்டு எங்க போறது?”

நோட்டை மூடி எடுத்த இடத்திலேயே வைத்தேன். அம்மனிடம், இவர் வாயைத் திறந்துவிடு தாயே என்று வேண்டிக்கொண்டேன். என் வாய்க்காக வேண்டவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

ஆயுத பூஜைக்கு அலுவலகம் போயிருந்தேன். மச்சினன், “என்னக்கா, கொடைரோட்டு வெயில்ல இம்புட்டு கறுத்துட்டீக?” என்றான். அக்கா சிரித்தார். “நாலு தடவ போனவளுக்குக் கறுக்கத்தானப்பு செய்யும். நீ போகல, வெள்ளையா இருக்க.”

எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே வாத்தியார் குடும்பம் உள்ளே வந்தது. அக்கா சட்டென்று பேச்சை மாற்றினார். பட்டா நகல், வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் அடுக்கி மச்சினன் கையிலேயே கொடுத்து, “சார் வீட்டம்மாவுக்கு முட்டி வலி. பதிவுக்குப் போற அன்னைக்கு நிக்க வச்சுராத” என்றார்.

வெளியே வந்ததும், “எப்படிக்கா முடியுது?” என்றேன்.

“பார்ட்டி முன்னாடி நாம ரெண்டா நின்னா, இடத்துலதான் வில்லங்கம்னு பயந்துருவாக. சண்ட நமக்குள்ள. வீடு கட்டப்போறது அவுக.”

நோட்டைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். “தெரியும் தாயி. தம்பிக்கு வண்டி போயிரும்ல. ஆனா ஒரு தடவ எங்கிட்டயாவது வந்து, ஆமாக்கான்னு சொல்லிருக்கலாம்.”

அதை இவரிடம் சொன்னேன். தலையை ஆட்டினார். நாளைக்கு, அடுத்த வாரம் என்று நாள் போய்க்கொண்டே இருந்தது. செவ்வாயோடு அதுவும் நின்றுபோனது.

மாலையோடு போனோம். பந்தலில் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தவன் அதே மச்சினன். இவர் அக்காவின் கால்மாட்டில் வெகுநேரம் நின்றார். திரும்பி வரும்போது, “வண்டிக் கண்ணாடியில தெனமும் அக்கா முகத்தப் பாப்பேன். பேச்சு வராது” என்றார். கொஞ்ச தூரம் வந்து, “நீ எழுது. என்ன வந்தாலும் வரட்டும்” என்றார்.

அக்காவுக்கு இனி இதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை. அவர் நினைவாக ஒரு பொருளும் என்னிடம் இல்லை. இந்த உண்மை ஒன்றுதான் இருக்கிறது. வத்தலக்குண்டுக் குடும்பத்துக்கு அந்த இடத்தை முதலில் காட்டியவர் ஜெயக்கொடி அக்காதான். அன்று வண்டி ஓட்டியவர் என் கணவர். அவருக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.