சென்னியப்பன் போனைக் காதில் வைக்கும் இடம்

பாலக்காடு ஜில்லாவிலேயே மெதுவான கம்ப்யூட்டர் எங்கள் எருத்தேம்பதியில்தான் இருக்கிறது. அதில் ஒரு கல்யாண வீடியோவை ரெண்டருக்குப் போட்டால், வெளியே வருவதற்குள் அந்த மாப்பிள்ளை பெண்ணுக்குப் பிள்ளை பிறந்து பள்ளிக்கூடம் போய்விடும். சரி, பள்ளிக்கூடம் நான் சேர்த்தது. பிள்ளை குப்புற விழும், அவ்வளவே.

கம்ப்யூட்டருக்குச் சொந்தக்காரி பக்கத்து வீட்டு மௌனிகா. கோயமுத்தூரில் ஒரு ஸ்டுடியோவில் எடிட்டிங் பழகியவள். கல்யாணமாகி வந்த அன்று, பீரோவுக்கு முன்னால் கம்ப்யூட்டரைத்தான் வண்டியிலிருந்து இறக்கினாள். வெட்டி ஒட்டிய துண்டுகளைப் பாட்டோடும் எழுத்தோடும் சேர்த்து ஒரே படமாக்கித் தருவதற்குப் பெயர் ரெண்டர். அது ஓடும்போது கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, டேபிள் ஃபேனை அதன் வயிற்றுக்கு நேராகத் திருப்பி வைப்பாள். வீட்டில் மிக்ஸி போடக்கூடாது. வோல்டேஜ் இறங்கினால் கம்ப்யூட்டர் அணையும், அணைந்தால் முதலிலிருந்து.

"சட்னிக்கே பவர்கட்டு. இவளுக்குக் கரண்ட் ஆபீஸ்காரனே தேவலாம்" என்பாள் மாமியார்.

போன மாசம் தோப்புக்காரர் சென்னியப்பன் மாரடைப்பில் காலமானார். அவர் மனைவி கமலாத்தாள் அழவில்லை. மௌனிகாவிடம் வந்து, "சாமி, நீ அவர எடுத்த படம் இருக்குதல்லொ? ஒருக்கா அவரு நடமாடறதப் பாத்துட்டன்னா, அப்பறம் போயிட்டாருன்னு ஒத்துக்கறேன்" என்றாள்.

"காரியத்தன்னைக்கு எலை போடறதுக்குள்ள தந்தர்றேனுங்க அத்தை" என்று மௌனிகா வாக்குக் கொடுத்தாள்.

புதுக் கேமரா வாங்கியபோது பழகுவதற்காக எடுத்த படம் அது. சென்னியப்பன் தென்னந்தோப்பில் நடந்து வருவார். நின்று, போனை எடுத்துக் காதில் வைப்பார். அவருடைய கிணற்று மோட்டாருக்கு செல்போன் ஸ்டார்ட்டர். பெட்டிக்குள் ஒரு சிம் இருக்கும், அதைக் கூப்பிட்டால் மோட்டார் ஓடும். கூப்பிட்டுவிட்டு நம் பக்கம் திரும்பிச் சிரிப்பார். குழாயில் தண்ணீர் வரும். போன் காதுக்குப் போகும் இடத்தை மட்டும் மௌனிகா மெதுவாக ஓடும்படி செய்து, நிறத்தையும் மாற்றியிருந்தாள். ரெண்டர் எவ்வளவு முடிந்தது என்று திரையில் காட்டியபடி மற்ற இடங்களில் நத்தையாக நகரும் பச்சைக்கோடு, அங்கே வந்ததும் உறைந்த நெய்யாகிவிடும்.

காரியத்துக்கு முந்தின நாள் காலையில் ரெண்டருக்குப் போட்டாள். அவள் அம்மிச்சி என்று கூப்பிடும் பக்கத்து வீட்டுக் கிழவியான நானும் கூட உட்கார்ந்திருந்தேன். கோடு ஊர்ந்து ஊர்ந்து வந்தது. திரை ஓரத்துச் சின்னக் கட்டத்தில் சென்னியப்பனின் கை காதுக்குப் போனது. வீட்டுக்குப் பின்னால் அவருடைய தோப்பில் நிஜமாகவே மோட்டார் உறுமியது. ஃபேன் தளர்ந்தது. திரை கறுத்தது.

"யாராச்சும் தண்ணி பாய்ச்சறாங்களா அம்மிச்சி?"

"காரியம் முடியாம அந்தத் தோப்புக்குள்ள யாரு போவா?"

மத்தியானம் மறுபடி போட்டாள். கை காதுக்குப் போனது, மோட்டார் உறுமியது, திரை கறுத்தது. காரியத்தன்று விடிந்ததும் போட்டாள்; அதுவும் அதே இடத்தில் அணைந்தது. வேர்த்த கையில் மௌஸ் வழுக்க, மௌனிகா என் பக்கம் திரும்பினாள்.

"அம்மிச்சி, நேத்தெல்லாம் அந்த எடத்துல அவரு கெணத்தப் பாத்துட்டு இருந்தாருங்க. இப்ப என்னையப் பாத்தாரு."

"படத்துல இருக்கறவரு எங்க வேணாப் பாப்பாரு. நீ கோட்டப் பாரு" என்று அதட்டினேன். அதட்டலில் பலம் இல்லை.

நான் பேய்க்கதை சொல்கிறவளே தவிர, நம்புகிறவள் அல்ல. நேரே கமலாத்தாள் வீட்டுக்குப் போனேன். உள்ளறையில் கணவரின் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்குப் புரிந்துவிட்டது.

"கமலா, அந்தப் படம் முடியறவரைக்கும் மோட்டாரக் கூப்புட வேண்டாம். பாவம் அந்தப் புள்ள."

அவள் நிமிராமலே, "சரிங்கக்கா" என்றாள்.

மௌனிகா மறுபடி முதலிலிருந்து போட்டாள். சமையல்காரர்கள் இலைக்கட்டைப் பிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். கோடு அந்த இடத்துக்கு வந்து நின்றது. தோப்பில் ஓர் அணில்கூடக் கத்தவில்லை. சென்னியப்பனின் கை காதுக்குப் போனது. மௌனிகா கண்ணை மூடிக்கொண்டாள். நான்தான் பார்த்தேன்: கோடு ஒரு மயிரிழை நகர்ந்தது. அப்புறம் நகர்ந்துகொண்டே இருந்தது.

இலை போடுவதற்கு முன் டி.வி.யில் படம் ஓடியது. சென்னியப்பன் திரும்பிச் சிரித்தார்; தண்ணீர் வந்தது. கமலாத்தாள் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். மௌனிகா வீட்டுக்குப் போய் ஃபேனை அணைத்துவிட்டு, அன்றைக்கு முழுதும் தூங்கினாள்.

இவ்வளவும் எழுதி, கமலாத்தாளை உட்கார வைத்து வாசித்துக் காட்டினேன். துக்கம் தாளாமல் அவளேதான் கணவரின் போனிலிருந்து மோட்டாரைக் கூப்பிட்டிருக்கிறாள் என்று முடித்திருந்தேன். அவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னாள்:

"அது மட்டும் தப்புங்கக்கா. அவரு தவறுன அன்னைக்கே அந்தப் போனு சார்ஜ் எறங்கி அணைஞ்சிருச்சு. எனக்குச் சார்ஜ் போடக்கூடத் தெரியாது. கூப்புட வேண்டாம்னு நீங்க சொன்னீங்களல்லொ, அத அவருகிட்டச் சொன்னேன். அவ்வளவுதானுங்க."