கோழிக்கு வேறு, மனுசனுக்கு வேறு

கார் வாசலில் வந்து நின்றதும் செங்கோடன் கேட்டைத் திறக்க ஓடினார். அவருடைய மகள் தனப்பிரியா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மாமனார் சென்னியப்பன் முதலில் இறங்கினார். பிறகு மாமியார் கண்ணாத்தாள். கடைசியாக அவள் கணவன் கவின். யார் கையிலும் ஒன்றும் இல்லை.

குழந்தை பிறந்து மூன்று மாதம் முடிந்தால் புருசன் வீட்டார் பூ, பழம், புதுச்சேலையோடு வந்து தாயையும் பிள்ளையையும் அழைத்துப் போவது வழக்கம். மூத்தவள் கனிஷ்கா பிறந்தபோது தட்டுகளை வைக்க இடமில்லாமல் கட்டில் மேல் வைத்தார்கள். இரண்டாவதும் பெண். நான்காவது மாதம் பாதி ஓடிய பிறகுதான் வருகிறார்கள், அதுவும் வெறுங்கையோடு.

அம்மா காப்பி கொண்டு வந்து வைத்தாள். ஆறி ஆடை கட்டியது. யாரும் தொடவில்லை.

"பாப்பாவப் பாக்கறீங்களா அத்தை?" என்றாள் தனப்பிரியா.

"ஆஸ்பத்திரியிலயே பாத்ததுதானே. நெறம் மட்டும் உங்க ஊட்டு நெறம்."

சென்னியப்பன் நாமக்கல் பக்கத்தில் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருப்பவர். பண்ணையில் ஆட்களிடம் பேசுகிற அதே குரலில்தான் எல்லா இடத்திலும் பேசுவார்.

"சம்மந்தி, சுத்தி வளைச்சுப் பேசி எனக்குப் பழக்கமில்லைங்க. புள்ள வரட்டும், வேண்டாங்கல. ஆனா பள்ளிக்கூட வேலைய உட்டுப்போடணும். ஆபரேசன் கீபரேசன்னு பேச்சு எடுக்கக் கூடாது. இன்னொண்ணு பொறக்கட்டும். அப்பறம் என்ன வேணுமோ பண்ணிக்கட்டும்."

தனப்பிரியாவுக்கு அந்த இன்னொன்று வேண்டாம். இரண்டு பிரசவத்திலும் ரத்தம் நிற்காமல் அவள் சாவின் வாசல் வரை போய் வந்தவள். இரண்டாவது பிறந்த ஐந்தாம் நாள் காலை கருத்தடை ஆபரேஷன் என்று டாக்டரம்மாவே சொல்லியிருந்தார். காலையில் வெறும் வயிற்றோடு காத்திருந்தவளிடம் நர்ஸ் வந்து, "உங்க ஊட்டுல வேண்டாம்னுட்டாங்களே, சாப்பிட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். தனப்பிரியா பத்தாம் வகுப்புக்கு உயிரியல் நடத்துகிறவள். கருப்பையையும் அண்டநாளத்தையும் கலர் சாக்பீஸால் பலகையில் வரைந்து, அம்புக்குறி போட்டுப் பாகம் குறிக்கிறவள். அவளுடைய அண்டநாளத்தைப் பற்றி முடிவெடுத்தவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றிருந்த மாமனார்.

"மூணாவதும் பொண்ணாப் போச்சுன்னா என்னுங்க மாமா பண்றது?"

"அது உன்ற கையிலதான் இருக்குது" என்றார் சென்னியப்பன். "நீ டீச்சரு, உனக்குத் தெரியாததா? குஞ்சு பொரிக்கற ஹேச்சரி டாக்டரு பண்ணைக்காரங்க மீட்டிங்குலயே சொன்னாரு. பொரியற குஞ்சு சேவலா பொட்டையான்னு தீர்மானம் பண்றது பெட்டைக்கோழிதான். சேவலுக்கு அதுல ஒரு ஜோலியும் கெடையாதாம். இது நான் சொல்லல, சயின்சு சொல்லுது. இல்லைன்னு சொல்லு பாக்கலாம்."

அவளால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. ஏனென்றால் அது உண்மை.

பிரசவ விடுப்புக்கு முன்னால் மரபியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது ஷிரீன் என்ற மாணவி எழுந்து இதையேதான் கேட்டாள். அவள் அப்பாவுக்கு முட்டை மொத்த வியாபாரம். "மிஸ், அப்பாதான் தீர்மானம்னு சொல்றீங்க. கோழியில பெட்டைதான்னு எங்க கடைக்கு வர்ற பண்ணைக்காரங்க சொல்றாங்களே?" பாடத்தை முடிக்க வேண்டிய அவசரம். "அது பரீட்சைக்கு வராது, உக்காரு" என்று சொல்லிவிட்டுத் தனப்பிரியா அடுத்த தலைப்புக்குப் போனாள். அவர்கள் பள்ளியில் எந்தக் கேள்வியையும் அப்படித்தான் அடக்குவார்கள். இப்போது அதே கேள்வி வேட்டி கட்டிக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்திருந்தது.

"கோழிக்கு அப்படித்தானுங்க மாமா. பெட்டைகிட்டத்தான் ரெண்டு விதமான குரோமோசோம் இருக்குது. மனுசனுக்கு அது தலைகீழுங்க. பொம்பளைகிட்ட ரெண்டும் எக்ஸ். ஆம்பளைகிட்ட ஒரு எக்ஸ், ஒரு ஒய்." அடுத்து வர வேண்டிய விந்தணு என்ற வார்த்தையை நாற்பது பிள்ளைகள் முன்னால் கூசாமல் சொல்லிப் பழகிய நாக்கு மாமனார் முன்னால் மடங்கிக்கொண்டது. "ஆம்பளைகிட்டருந்து எது வந்து சேருதோ அதுதான் புள்ள."

"அப்ப கோழிக்கு ஒரு நாயம், மனுசனுக்கு ஒரு நாயமா?" என்றாள் கண்ணாத்தாள்.

"தனக்கு வேணுங்கற பக்கமாப் புஸ்தகத்தத் திருப்பறா" என்று சென்னியப்பன் சிரித்தார்.

அதுவரை வாசற்படி ஓரமாக நின்றிருந்த செங்கோடன் சட்டென்று நிமிர்ந்தார். போர்வெல் போடும் ரிக் லாரி ஓட்டி இடுப்பு போனவர். சம்மந்தி எதிரில் உட்காரக்கூட யோசிப்பவர். "அப்படிப் பாத்தா என்ற புள்ள மேல தப்பில்லைங்களே சம்மந்தி. கோளாறு உங்க பக்கந்தானுங்களே இருக்குது?"

கவினின் காது மடல்கள் சிவந்தன. அவன் தரையைப் பார்த்தான். தனப்பிரியாவுக்கு ஒரு கணம் இனித்தது. ஆஸ்பத்திரியில் வெறும் வயிற்றோடு படுத்திருந்த காலைக்கு அது சரியான பதில் போலிருந்தது. அந்தச் சூட்டிலேயே அடுத்ததையும் சொன்னாள்.

"உங்க பண்ணையில எறக்கற குஞ்சுல ரெண்டு சேவல் கலந்து வந்துட்டா ஹேச்சரிக்காரன என்ன பேச்சுப் பேசுவீங்கன்னு நான் கேட்டிருக்கறனுங்க மாமா. அங்க பொட்டைதான் வேணும், சேவல் வேண்டாம். ஊட்டுக்குள்ள வந்தா மட்டும் எப்படீங்க மாறுது?"

சென்னியப்பனின் சிரிப்பு நின்றது.

"கோழி முட்டை போடுது. நீ என்ன போடற?"

தொட்டிலில் குழந்தை சிணுங்கியது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "ஆபரேசன் பண்ணிக்கிட்டான்னு காதுல உழுந்துச்சு, அப்பறம் இவ அங்க வாரதுக்கு ஊடு இருக்காது. என்ற பையனுக்குப் பொண்ணு கெடைக்காமப் போயிராது."

கவினும் அவர் பின்னாலேயே எழுந்தான். போகும்போது தொட்டில் பக்கம் ஒரு தரம் திரும்பினான். அவ்வளவுதான்.

கார் தெருமுனை திரும்பியதும் செங்கோடன் மகள் பக்கம் திரும்பினார். "வாய மூடிக்கிட்டு இருந்தீன்னா அவுங்க இன்னைக்கே கூட்டிட்டுப் போயிருப்பாங்க. சேவலாம், பொட்டையாம். மனுசன் மூஞ்சியில அடிச்சாப்பல கேட்டுப்போட்டயே."

"கோளாறு உங்க பக்கம்னு சொன்னது நீங்கதானுங்கப்பா."

"நான் படிக்காதவன், சொல்லுவேன். உன்னப் படிக்க வெச்சது இதுக்கா?"

அம்மா ஆடை படிந்த காப்பியை ஒவ்வொரு டம்ளராக வாசல் செடியில் ஊற்றினாள். "இன்னொண்ணு பெத்துக் குடுத்துட்டுப் போறதுக்கு உனக்கென்ன வலிக்குது?"

"வலிக்குதும்மா" என்றாள் தனப்பிரியா.

அந்த வீட்டில் எட்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் அவள்தான். பி.எஸ்சி. விலங்கியல், அப்புறம் பி.எட். படித்தால் தன் பேச்சு எடுபடும் என்று நம்பித்தான் படித்தாள். இன்று பேசியது எடுபட்டது. எடுபட்ட இடத்தில் கவினின் காது சிவந்திருந்தது. அதை நினைத்தபோது, அந்த நேரத்தில் இனித்தது இப்போது இனிக்கவில்லை.

விடுப்பு முடிந்து பள்ளிக்குப் போனாள். பத்தாம் வகுப்பில் திருப்புதல் நடந்துகொண்டிருந்தது. மரபியல் வந்ததும் பலகையில் இரண்டு கட்டங்கள் வரைந்தாள். ஒன்று மனிதனுக்கு, மற்றொன்று கோழிக்கு. சேவலுக்கு இரண்டு இசட், பெட்டைக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ.

"இது பரீட்சைக்கு வருங்களா மிஸ்?" என்று பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

"வராது. எழுதிக்கங்க."

ஷிரீன் எழுந்தாள். "அப்ப மனுசங்கள்ல பொண்ணு பொறந்தா அது அப்பா தப்புங்களா மிஸ்?"

வகுப்பு சிரித்தது. ஆமாம் என்று சொல்லத் தனப்பிரியாவின் வாய் திறந்தது. பலகையில் அவளே வரைந்த கட்டம் கண்ணில் பட்டது. பாதிக்குப் பாதி. அப்பா அதில் எதையும் பொறுக்கி எடுத்துக் கொடுப்பதில்லை. அவருக்குத் தெரிவதுகூட இல்லை.

"தப்புன்னு யார் சொன்னது?"

"எல்லாருந்தான் சொல்றாங்க மிஸ்" என்றாள் ஷிரீன். "அம்மா தப்புன்னு சொல்லுவாங்க. நீங்க அப்பாங்கறீங்க. அப்ப தப்பு அங்க போகுமில்ல?"

மணி அடித்தது. அவளைப் பதில் சொல்வதிலிருந்து காப்பாற்றிய மணி. அன்று மாமனார் முன்னால் தான் செய்ததும் தப்பை இடம் மாற்றியதுதானே என்று தோன்றியது. தன் தலையில் வைத்த சுமையைக் கீழே போடாமல் கவின் தலைக்கு மாற்றி வைத்திருந்தாள்.

அதனால் ஆபரேஷனைப் பற்றிய எண்ணம் மாறவில்லை. சனிக்கிழமை கனிஷ்காவைத் தன் அப்பாவிடம் விட்டுவிட்டுக் கைக்குழந்தையோடு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாள். கூட வரமாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டாள்.

"உங்க கையெழுத்தே போதும்" என்றாள் நர்ஸ். "ஆனா கைக்குழந்தையோட தனியா வந்திருக்கறீங்க. உங்களுக்கு மயக்கம் தெளியற வரைக்கும் இதை யாரு பாக்கறது? ஆள் இல்லாம உள்ள விட முடியாதும்மா. கூட்டிட்டு இன்னொரு நாள் வாங்க."

"நீங்க யாராச்சும் சித்த நேரம்..."

"நாங்க இங்க புள்ள வளக்கறமா? டாக்டரு கேட்டா நாந்தான் பதில் சொல்லணும்."

பெஞ்சில் உட்கார்ந்து போனில் பெயர்களைப் பார்த்தாள். பள்ளியில் கூட வேலை செய்கிறவர்கள், கல்லூரித் தோழிகள். யாரைக் கூப்பிட்டாலும் சேதி சாயங்காலத்துக்குள் பண்ணைக்குப் போய்விடும். அப்போது வராந்தாவின் அந்தக் கோடியில் கவின் வேகமாக வருவது தெரிந்தது. அம்மா போன் போட்டிருப்பாள்.

"எந்திரி. ஊட்டுக்குப் போலாம்."

"எந்த ஊட்டுக்குங்க?"

பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினான். "அத்தனை பேர் முன்னால என்ற கோளாறுன்னு சொல்ல வெச்சயே. அதுக்கப்பறம் மில்லுல தீவனம் எடுக்கப் போனா ஒவ்வொருத்தனும் எக்ஸா ஒய்யான்னு கேக்கறான்."

"கோளாறே இல்லீங்க. நீங்களும் பொறுக்கிக் குடுக்கல, நானும் பொறுக்கி வாங்கல. அது பாதிக்குப் பாதி, தானா உழுகறது. இன்னும் பத்து பெத்தாலும் அப்படித்தான்."

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருக்கணும்." அவள் அதை மறுக்கவில்லை. "நீங்க ஒரு வார்த்தை வாயத் தொறந்திருந்தா எனக்கும் ஞாபகம் வந்திருக்கும். இத்தனை மாசமா உங்களுக்கு வாய் இருக்குதுன்னே நான் மறந்துட்டேன். ரெண்டாவதுக்கு எனக்கு ரத்தம் நிக்கலைன்னு டாக்டர் சொன்னப்ப நீங்க பக்கத்துலதானே நின்னீங்க?"

கவின் சுவரைப் பார்த்தான். "அப்பா ஒத்துக்க மாட்டாரு."

"அவருக்கா ஆபரேசன்?"

நர்ஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "தனப்பிரியா, என்னம்மா, ஆள் வந்தாச்சா? இல்லைன்னா அடுத்தவங்களக் கூப்பிடறேன்."

தனப்பிரியா எழுந்தாள். குழந்தையை அவன் நெஞ்சோடு சேர்த்து வைத்தாள். விழுந்துவிடுமோ என்ற பயத்தில் அவன் கைகள் தாமாகவே வந்து பிடித்துக்கொண்டன. பிறந்ததிலிருந்து அவன் அதைத் தூக்கியது இதுதான் முதல் தடவை.

"வந்தாச்சுங்க" என்றாள் நர்ஸிடம்.

"ஏய், நான் உன்னைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன்."

"பால் பாட்டில் பையில இருக்குது. தலையைத் தாங்கிப் புடிங்க."

அவள் உள்ளே போனாள். கதவு ஆடி அடங்குவதற்குள் திரும்பிப் பார்த்தாள். குழந்தை வீறிட்டு அழத் தொடங்கியிருந்தது. அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. யார் கூப்பிடுவது என்று அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அடித்து நின்று மறுபடியும் அடித்தது. கவின் இரண்டு கையாலும் குழந்தையைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தான்.