தட்டு வேறு, கவசம் வேறு

ஜமுனாமரத்தூர் சந்தையில் சாமைக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தபோது ஜீப் ஓட்டும் முருகன் வந்து, "சார், சகுந்தலா சிஸ்டர் போய்ட்டாங்க" என்றான். "எங்கே, நெல்லிவாசலுக்கா?" என்று கேட்டேன். அவர் போய்விட்டார் என்றால் மருந்துப் பெட்டியோடு ஏதோ ஓர் ஊருக்குப் போயிருக்கிறார் என்றுதான் எனக்குப் பொருள். முருகன் என் கைப்பையை வாங்கிக்கொண்டு, "இல்ல சார், வண்டி கவுந்துடுச்சு" என்றான்.

அவர் கையால் ஊசி போட்டுக்கொண்ட மலைக்காரர்களான உங்களுக்கு அவரை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. கண்ணமங்கலம் பக்கத்து விவசாய வீட்டுப் பெண். ஓர் அறக்கட்டளையின் செவிலியராக மலைக்கு வந்தவர். ஜீப் போகாத தடங்களுக்காக அவர்கள் கொடுத்த நான்கு சக்கர பைக்கை என் வீட்டுப் பலாமரத்தடியில் நிறுத்திச் சாவியை என்னிடம் கொடுப்பார்.

இரங்கல் கூட்டத்தில் அறக்கட்டளையின் மேலாளர், "சிஸ்டருக்கு எப்பவும் அவசரம், வேகமா ஓட்டுவாங்க" என்றார். பொய். அந்த வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனவன் நான். ஆடு மேய்க்கிறவர் எங்களை முந்திப்போய்த் திரும்பி நின்று, "இன்னா சிஸ்டர், தள்ளிவுடணுமா?" என்பார். "நீ மொதல்ல அந்த பீடிய வுடு, அப்பால தள்ளு" என்பார் இவர். எழுந்து இதைச் சொன்னேன். பாதியில் மைக்கை வாங்கிவிட்டார்கள். அதனால் மீதியை எழுதுகிறேன்.

அந்த வண்டியின் பின் பிரேக், அச்சோடு சுற்றும் ஓர் இரும்புத் தட்டைக் கவ்விப் பிடித்து நிறுத்துவது. தட்டு தரைக்கு மிக அருகில் இருக்கும். கல் அடிக்காமலிருக்க அதன் கீழே கனமான தகடு ஒன்றைக் கவசமாக போல்ட் போட்டிருப்பார்கள். ஒருமுறை முறுக்குத் தின்ற கையோடு நான் அந்தத் தட்டைத் தொடப் போனேன். "கைய எடுங்க சார்! எண்ணெ பட்ட போர்டுல சாக்பீஸ் எழுதுமா?" என்று அதட்டினார். வாத்தியாராக நாற்பது பிள்ளைகளை அதட்டிய எனக்கு அது நல்ல பாடம்.

கோடையில் கல் அடித்துக் கீழ்த் தகடு உடைந்தது, மேல் தட்டும் வளைந்தது. நம் பக்கத்து மெக்கானிக்குகள் இரண்டையும் 'தட்டு' என்றுதான் சொல்வார்கள். அலுவலகம் "தட்டு மாத்து" என்று சொன்னது, பட்டறையில் மேல் தட்டை மட்டும் மாற்றிவிட்டு, உடைந்ததைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டார்கள். பலாமரத்தடியில் குனிந்து பார்த்த சகுந்தலா அங்கிருந்தே மேலாளரை அழைத்தார். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

"தட்டுதான் மாத்தியாச்சே சிஸ்டர். இன்னும் இன்னா தட்டு?"

"நான் கேக்கறது கீழ்த் தட்டுங்க."

"ஒரு வண்டிக்கு எத்தினி தட்டு?" அங்கே பலர் சிரித்தார்கள்.

"நான் இன்னா சோத்துத் தட்டா கேக்கறேன்? கல்லு அடிச்சா புதுசும் வளைஞ்சிடும், பிரேக் புடிக்காது. எறக்கத்துல காலை ஊனியா நிறுத்தறது?"

"பாக்கலாம், அடுத்த வாரம் வரட்டும்."

அடுத்த வாரமும் தகடு வரவில்லை. நெல்லிவாசல் பக்கம் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஆள் வந்தது. "வண்டி காத்திருக்கும் சார், ஜுரம் காத்திருக்குமா?" என்று சாவியை வாங்கிப் போனார். குழந்தை பிழைத்துவிட்டது. திரும்பும் இறக்கத்தில்தான் அது நடந்தது. வண்டியை நான் போய்ப் பார்த்தேன். புதுத் தட்டின் விளிம்பு அப்பளம்போல நெளிந்திருந்தது. பின் பிரேக் பிடிக்கவில்லை. முன் பிரேக்கை மட்டும் பிடித்ததில் சரளையில் சக்கரம் வழுக்கியிருக்கிறது. இதற்குப் பெயர் வேகமா?

சென்ற வாரம் புதிய செவிலியருக்காகப் புது வண்டி வந்து அதே மரத்தடியில் நிற்கிறது; சாவி வழக்கம்போல என்னிடம். முட்டி வலியோடு குனிந்து பார்த்தேன். அடியில் தகடு இல்லை. மேலாளர் நேரில் வந்தார்.

"சார், சாவியக் குடுங்க. வேல நிக்குது."

"தட்டு எங்கே?" என்றேன்.

"எந்தத் தட்டு சார்?"

ஆசிரியராக இருந்த காலமெல்லாம் புரியாத பிள்ளைக்கு இன்னொரு உதாரணம் சொல்லிப் பழகியவன் நான். இவரிடம் சொல்ல என்னிடம் உதாரணம் இல்லை. சகுந்தலா எனக்கு விட்டுப்போனது அவருடைய கோபம் ஒன்றுதான். அது என்னிடம் பத்திரமாக இருக்கிறது. தகடு வரும்வரை சாவியும்.