நாற்பது விநாடிப் பாவு

ஆரணியில் ஜெசி காப்பி ஆற்றி முடிக்கும்வரை ஓர் அரசாங்கமும் ஒரு வெளிநாட்டு வீடியோ கம்பெனியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தன. சரி, கொஞ்சம் ஊதித்தான் சொல்லிவிட்டேன். அரசாங்கம் சாப்பாட்டுக்குப் போயிருக்கும். காத்திருந்தது சென்னையிலிருந்து போனில் தொங்கிய கம்பெனி மேலதிகாரி ஹேமநாத் ஒருவர்தான். ஆனால் பத்துப் பேர் பதற்றத்தை அவர் ஒருவரே படுவார்.

ஜெசி, நெசவாளி இன்னாசிமுத்துவின் மகள். அப்பாவின் தறிக்குப் பக்கத்திலேயே மேசை போட்டு, அந்தக் கம்பெனிக்காகத் தமிழ் வீடியோக்களைப் பார்த்துச் சொல்வது வேலை. எதை நீக்கச் சொல்லி அரசு ஆணை வந்தாலும் முதலில் அவள் கண்ணில்தான் படும்.

அன்றைய பட்டியலில் அறுபத்தொரு வீடியோக்கள். மூன்று மணி நேரத்துக்குள் எல்லாம் மறைய வேண்டும். அறுபது வீடியோக்கள் பழைய கலவரத்தை நேற்று நடந்ததாகக் காட்டும் புளுகு, அவளுக்குத் தயக்கமில்லை. மிச்சம் ஒன்று, பட்டியலில் நாற்பத்தேழாவது. அதில்தான் கை நின்றது. ஊருக்கு வடக்கே ஒரு நெசவுத் தெரு. தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிய பட்டுப் பாவு நூல், இருபுறமும் ஆட்கள், கோடியில் நிற்கும் மினி பஸ். நாற்பது விநாடி, காற்றின் இரைச்சலைத் தவிர சத்தமில்லை. 'சாலையில் கயிறு கட்டி, கம்புகளுடன் மறியல்' என்றது ஆணை.

"கயிறாம் சார்! புடவைக்கு நூல் நீட்டி வெச்சிருக்காங்க. கம்பு, நூலைப் பிரிக்கறதுக்கு. விடியகாலைல பாவு சுருட்டற வரைக்கும் பஸ்ஸு நிக்கறது இங்க சகஜம்."

"எனக்குப் புரியுதும்மா. போன வருஷம் வேற நாட்டுல நாலு வீடியோவை எடுக்க மாட்டோம்னு நம்ம கம்பெனி சொல்லிச்சு, அந்த ஊரு கவர்ன்மென்டு சைட்டையே மூடிடுச்சு. மறுபடி அந்தப் பேஜார் வேணாம்னு வக்கீலுங்க சொல்லிகினு இருக்காங்க."

"அப்போ நான் எதுக்கு சார் இங்க உக்காந்துகினு இருக்கேன்?"

"உன் பேரு போட்டு எழுதிக் குடு. தப்பாப் போச்சுன்னா உன் வேலைக்கு நான் பொறுப்பில்ல."

ஜெசியால் உட்கார முடியவில்லை. சமையலறைக்கும் மேசைக்கும் நடந்தாள். காப்பி ஆறிப்போய் ஆடை கட்டியது. வீடியோவை நாலு முறை ஓட்டினாள். பாவு சரி, கம்பு சரி. ஏதோ ஒன்று மட்டும் உறுத்தியது, என்னவென்று பிடிபடவில்லை. அப்பாவைக் கேட்கலாமென்றால், வெம்பாக்கத்துக் கல்யாணத்துக்குப் போனவர் போனை எடுக்கவில்லை. பேசாமல் விட்டுவிட்டால் நாளைக்கு இந்த ஊரின் ஒவ்வொரு பாவும் கலவரமாகிவிடுமே! கெடு முடிய இருபது நிமிடம் இருக்கையில், "இது மறியல் அல்ல, அன்றாடத் தொழில்" என்று ஒரு பக்கம் எழுதி, பேர் போட்டு அனுப்பினாள்.

பதில் வந்தது. அறுபது போகும், ஒன்று நிற்கும். கம்பெனி அவள் கடிதத்தை வைத்து அரசுக்கு மறுப்பு எழுதிவிட்டதாம். தெம்பாக இருக்க வேண்டியவளுக்கு அப்போதும் அந்த உறுத்தல் போகவில்லை.

சாயங்காலம் பக்கத்துவீட்டு சங்கீதா வந்தாள். அவள் பிறந்த வீடு அந்தத் தெருவில்தான். ஜெசி வீடியோவைக் காட்டி, கவர்ன்மென்டையே மடக்கின கதையை இரட்டிப்பாக்கிச் சொன்னாள்.

சங்கீதா திரையை உற்றுப் பார்த்தாள்.

"அந்த மஞ்சத் துண்டு எங்க அண்ணன். அது இருக்கட்டும், ஆளுங்க நிழலைப் பாரு, காலடிலயே கெடக்குது. நடு மத்தியான வெயில்ல எவன்டி பட்டுப் பாவை வெளிய நீட்டுவான்? நூலு பட்டுபட்டுனு அறுந்துடாது? பத்து நாளா தண்ணி வரலன்னு, வீணாப்போன பாவை இழுத்துக் கட்டி பஸ்ஸை மடக்கனோம். மறியல்தான்டி அது."