ரீச் ஆனதும் சொல்லு

ஊருக்குப் போன பிள்ளையிடம் ‘போய்ச் சேர்ந்துட்டியா’ என்று கேட்க எனக்கு வாய் வராது. எங்கள் பக்கத்தில் ஒருவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்றால் அடுத்த கேள்வி, எப்போது எடுக்கிறார்கள் என்பதுதான். அதனால் ‘ரீச் ஆயிட்டியா’ என்று கேட்பேன். நான் மட்டுமில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் திருவண்ணாமலை பேருந்து நிலையத்தில் சென்னை பஸ் நகரும்போது, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடக்கிற பெற்றோர் எல்லோரும் கடைசியாகச் சொல்வது ஒன்றுதான்: ‘ரீச் ஆனதும் சொல்லு.’ ஏபிசிடி தெரியாதவர்களும் இதைச் சொல்வார்கள். கூரியர் ரீச் ஆகும், கல்யாணப் பத்திரிகை ரீச் ஆகும், போனில் போட்ட வீடியோ நல்ல ரீச் ஆகும். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு வார்த்தை வைத்திருக்கிறோம்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வெளியூர் கிளம்பியவர் போய் இறங்கும்வரை வீட்டைப் பெருக்கமாட்டோம். பெருக்கினால் போனவரையும் சேர்த்து வெளியே தள்ளியதுபோல. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்று வேங்கிக்கால் அலுவலகத்தில் என்னோடு வேலை பார்ப்பவர்களிடம் சொல்வேன். ஆனால் துடைப்பத்தைத் தொடமாட்டேன். மகள் சென்னையில் வேலைக்குச் சேர்ந்து, மகளிர் விடுதியில் தங்கி, மாதம் ஒருமுறை வந்துபோக ஆரம்பித்த பிறகு, அவளிடமிருந்து ‘Reached’ என்று செய்தி வந்தால்தான் துடைப்பத்தை எடுப்பேன். அதுவரை அவள் தலைவாரிய முடிகூடக் கூடத்து மூலையில் அப்படியே கிடக்கும்.

செய்தி வரும்வரை நான் சும்மாவும் இருந்ததில்லை. செஞ்சி தாண்டிட்டியா, திண்டிவனம் வந்துச்சா என்று போன் போட்டுக்கொண்டே இருப்பேன். “உங்கம்மா இங்கேந்தே பஸ்ஸைத் தள்ளிக்கினு வரா” என்று என் வீட்டுக்காரர் மகளிடம் சொல்லிச் சிரிப்பார். ஒரு மழைநாளில் பஸ் தாமதமாகி, அவள் போனில் சார்ஜும் தீர்ந்துவிட்டது. நான் விடுதி வார்டனைப் பிடித்தேன், அறைத்தோழியைப் பிடித்தேன், கடைசியில் அவளுடைய மேலாளருக்கே போன் போட்டுவிட்டேன். மறுநாள் அவள் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் ஆளாளுக்கு “ரீச் ஆயிட்டியா பாப்பா?” என்று கேட்டார்களாம். அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு அவளுடைய செய்தி ஒருநாளும் பிந்தியதில்லை. பெண்ணுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

போன மாதம் வந்தவள் கிளம்புகிற அன்று சரியாகச் சாப்பிடவில்லை. எலுமிச்சை சாதத்தை டப்பாவில் போட்டுக் கொடுக்கச் சொன்னாள். பஸ் ஏற்றிவிட்டேன். வழக்கமான நேரத்துக்குச் செய்தி வந்தது. வீட்டைப் பெருக்கினேன். பெருக்கி, குப்பையை அள்ளிக் கொட்டிவிட்டு, வாசலில் நின்று மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன். அன்று மனசு லேசாக இருந்தது என்பதுகூட ஞாபகம் இருக்கிறது.

இரண்டு மூன்று நாள் கழித்து ஒரு சாயங்காலம், முன்பின் பார்த்திராத ஒரு பெண்மணி வீட்டைத் தேடி வந்தார். என் வயதுதான் இருக்கும். தேரடித் தெருப் பக்கம் துணிக்கடை வைத்திருக்கும் பாய் வீட்டம்மா என்று தன்னைச் சொல்லிக்கொண்டார். கையில் எங்கள் வீட்டு டப்பா, நன்றாகத் துலக்கி வைத்தது.

“அவசரத்துல எம் பைக்குள்ளயே வந்துடுச்சிங்க. பாப்பாவுக்கு இப்ப எப்படிக்கீது?” என்று கேட்டார்.

எந்தப் பாப்பா, என்ன எப்படி என்று எனக்குப் புரியவில்லை. என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தபடியே சொன்னார். பஸ்ஸில் அவர் பக்கத்து இருக்கையில்தான் என் மகள் உட்கார்ந்திருக்கிறாள். ஏறினதும் பேச்சுவாக்கில் எங்கள் வீடு எங்கே என்றும் சொல்லியிருக்கிறாள். செஞ்சி தாண்டும்போதே உடம்பு அனலாய்க் கொதித்து, வாந்தியெடுத்து, திண்டிவனத்தில் மயங்கிச் சாய்ந்திருக்கிறாள். இவர்தான் அவளைத் தாங்கிப் பிடித்து இறக்கி, பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்து, காய்ச்சல் இறங்கும்வரை கூடவே இருந்து, பிறகு வேறொரு பஸ்ஸில் சென்னைக்குக் கூட்டிப்போய் விடுதி வாசலில் விட்டிருக்கிறார்.

“ஃபீவர் ரொம்ப ஜாஸ்திங்க. ட்ரிப்ஸ் ஏறிக்கினு இருக்கசொல்லவே பையிலேர்ந்து எம் போனை எடுத்துக் குடுங்கக்கானு கேட்டு வாங்கி உங்களுக்கு மெசேஜ் போட்டுச்சி. நெஜத்தைச் சொல்லும்மானேன். எங்கம்மா தாங்கமாட்டாங்கக்கானுச்சி.”

அவருக்கு ஒரு வாய் காபி கொடுக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அவர் போன பிறகும் டப்பாவைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தேன். அவள் முன்பின் தெரியாத ஊரில், முன்பின் தெரியாத ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்த நேரத்தில் நான் இங்கே வீட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். சாங்கியம் பார்ப்பவள் இல்லை என்று இத்தனை வருடம் சொல்லி வந்தவள், நானே அவளைப் பெருக்கி வெளியே தள்ளிவிட்டேன் என்று நினைத்தேன். இப்போதும் துடைப்பத்தை எடுத்தால் அந்த நினைப்பு வருகிறது.

மகளுக்குப் போன் போட்டேன். திண்டிவனத்தில் படுத்துக்கொண்டா ரீச் ஆயிட்டேன் என்று போட்டாய் என்று கேட்டேன்.

“சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்ப? வார்டனுக்குப் போடுவ, ஆபீஸுக்குப் போடுவ, நீயும் அழுது அப்பாவையும் அழ வெச்சிருப்ப. எனக்குத் தலையவே தூக்க முடியலம்மா. உன்னைச் சமாதானம் பண்ண அப்ப தெம்பு இல்ல. அந்த ஒரு வார்த்தையைப் போட்டா நீ வீட்டைப் பெருக்கிட்டு நிம்மதியா இருப்ப.”

கோபமாகச் சொல்லவில்லை. பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறவர்கள் பேசுகிற மாதிரி பொறுமையாகச் சொன்னாள். நான் இன்னும் கேட்டதில், மழைநாளுக்குப் பிறகு ஒருமுறைகூட அவள் இறங்கின பிறகு செய்தி போட்டதில்லை என்று தெரிந்தது. செங்கல்பட்டு தாண்டினதும் போட்டுவிடுவாளாம். அதற்கு மேல் பஸ் எந்த நெரிசலில் நின்றாலும் அது அவள் பாடு. நான் பொறுப்பு என்று நினைத்தது அதைத்தான்.

அன்றைக்கு அலமாரியிலிருந்த பழைய ஆங்கில அகராதியை எடுத்து அந்த வார்த்தையைப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று தெரியவில்லை. கல்லூரிக் காலத்துப் பழக்கம், மனம் கலங்கினால் எதையாவது எடுத்துப் படிப்பேன். அது ஆங்கிலேயர்களுடைய மிகப் பழைய சொற்களில் ஒன்றாம். முதலில் அதற்குக் கையை நீட்டுவது, எட்டுவது என்றுதான் பொருளாம். ஊர் போய்ச் சேர்வதற்கு அதைச் சொல்ல ஆரம்பித்தது பின்னால்தான். அந்த ஊர்க்காரர்கள் எந்த ஊருக்கு ரீச் ஆனோம் என்பதையும் சேர்த்துத்தான் சொல்வார்களாம். நமக்கு ஊர்ப் பெயர் வேண்டியதில்லை. அந்த ஒரு வார்த்தை வந்துவிட்டால் எனக்கு வேண்டியதாகவே இருந்ததில்லை. என் பெண் எங்கே இருக்கிறாள், எப்படி இருக்கிறாள் என்று கேட்பதாகத்தான் நினைத்திருந்தேன். அவளைப் பொறுத்தவரை நான் கேட்டது, என் பயம் அடங்க ஒரு மாத்திரை கொடு என்று. உடம்பு சரியில்லாதபோதும் எழுந்து எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

இனிமேல் நான் கேட்கமாட்டேன், நீயாகத் தோன்றினால் பேசு என்று சொன்னேன். “முடியுமா உன்னால?” என்றாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி வந்துவிட்டுக் கிளம்பினாள். பஸ் நகரும்போது நான் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. கையை மட்டும் ஆட்டினேன். வீட்டுக்கு வந்து போனை என் வீட்டுக்காரரிடம் கொடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னேன். விளக்கு வைத்தாயிற்று, சாப்பாடும் ஆயிற்று. செய்தி எதுவும் வரவில்லை. இவரும் சிரிக்கவில்லை.

காலையில் அவளே கூப்பிட்டாள். மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் பஸ் பஞ்சராகி நடுரோட்டில் நின்றதையும், டிரைவரும் கண்டக்டரும் சண்டை போட்டுக்கொண்டதையும் கதைபோலச் சொன்னாள். அப்புறம் இருட்டிவிட்டது, வேறு வண்டி ஒன்று வந்து நின்றது என்று சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

“அப்புறம் ஒண்ணுமில்லம்மா. வந்துட்டேன்” என்று முடித்துவிட்டாள்.

அந்த வேறு வண்டியில் யார் இருந்தார்கள், அவள் அதில் ஏறினாளா என்று எனக்குத் தெரியாது. நாக்கின் நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டு, சரி என்றேன். அவள் இன்னும் கொஞ்ச நேரம் போனை வைக்காமல் இருந்தாள். நானும் வைக்கவில்லை.